பூஜையில் இருந்த வயர் நோட்டு

யுத்தம் முடிந்ததில் ஊரே சந்தோஷப்பட்டது. என்னால் மட்டும் முடியவில்லை. யுத்தத்துக்காகத் தற்காலிகமாக எடுத்தவர்களை பம்பாயில் எங்கள் ரயில்வே ஆபீஸில் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் தற்காலிகம்தான்.

என் வேலை கார்டில் துளை போடுவது. எந்த ஸ்டேஷனில் எத்தனை டன் சரக்கு ஏறியது என்று தாளில் வருவதைத் தடித்த கார்டில் துளைகளாகக் குத்த வேண்டும். செக்குமாட்டு வேலை. அந்தக் கார்டுகளை விழுங்கிக் கூட்டிச் சொல்லும் பெரிய மிஷின் அடுத்த அறையில் இருந்தது. எதைக் கூட்டு, எங்கே நிறுத்து, எதை அச்சடி என்று அதற்குச் சொல்வது ஒரு பலகை. பலகை முழுக்க ஓட்டைகள். ஓர் ஓட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வயர் சொருகினால் அது ஒரு கட்டளை. இன்றைக்குப் பிள்ளைகள் புரோகிராம் என்கிறார்களே, எங்களுக்கு அது வயர்.

எங்கள் மேலதிகாரி வயதான பார்சி. பலகைக்குத் தாமே வயர் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். நோட்டைப் பார்த்தும் போடலாமாம். மிஷின் சும்மா இருப்பது தசரா விடுமுறையில், அதாவது விஜயதசமியன்றுதான், ஆகவே அன்று காலை ஒன்பதரைக்குச் சோதனை.

தோற்றால் வீட்டில் உட்கார வேண்டும். ஞாயிறுதோறும் யாராவது பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு என்னைப் பாடச் சொல்வார்கள். எனக்கு ஆபீஸ் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மிஷினை ரொம்பவே பிடித்திருந்தது.

இரண்டு மாதம் மதிய இடைவேளையில் மிஷின் அறைக்குள் நுழைந்து, வயர் போட்டு வைத்திருந்த பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனையாவது ஓட்டையிலிருந்து இத்தனையாவது ஓட்டைக்கு, அவ்வளவுதான். ஒரு வயரைப் பற்றியாவது ஏன் என்று கேட்டேனா என்றால் இல்லை. சஹஸ்ரநாமம் மாதிரி கடகடவென்று ஒப்பிப்பேன்.

சரஸ்வதி பூஜையன்று அந்த நோட்டைக் கொண்டுபோய் மற்றப் புத்தகங்களோடு அடுக்கியது வேறு யாருமில்லை, நானேதான். சோதனைக்கு முதல்நாள் அம்பாள் பார்வை பட்டால் நல்லதுதானே. காலையில் புனர் பூஜை ஆனதும் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. பூஜை பண்ண வேண்டிய அப்பா குளித்துவிட்டு வரும்போது மணி ஏழரை தாண்டிவிட்டது. திங்கட்கிழமை வேறு.

"அம்மா, நான் நோட்டை எடுத்துக்கறேன்."

"புனர் பூஜை ஆகாம எடுக்கப்படாது. இப்போ ராகுகாலம். ஒம்பது வரைக்கும் பொறுத்துக்கோ."

"எட்டே காலுக்கு வண்டிம்மா. மிஷினுக்கு ராகுகாலமெல்லாம் தெரியாது."

"நோக்குத் தெரியுமோல்லியோ?"

பூஜை முடியாமல் பேப்பர்கூடப் படிக்கக் கூடாதென்பதால் அப்பாவுக்கு ஒளிய இடமில்லை. பால்கனிக்குப் போய்விட்டார். பறித்துக்கொண்டு ஓடியிருக்கலாம். புத்தகங்களை மூடியிருந்த பட்டுத்துணி வரைக்கும் கை போனது. பயம் வந்துவிட்டது, சரஸ்வதியிடம் கால்வாசி, அம்மாவிடம் முக்கால்வாசி. வெறுங்கையோடு படியிறங்கினேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

ரயிலில் ஒப்பித்துப் பார்த்தேன். தாதர் வருவதற்குள் மூன்றாவது வரி மறந்துவிட்டது. ஆபீஸில் மொட்டைப் பலகையையும் ஸ்டேஷன் வாரியாக அடுக்கிய கார்டுகளையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். எவ்வளவு முக்கினாலும் இரண்டு வயருக்கு மேல் வரவில்லை. வேறு வழியில்லாமல், இந்த மிஷினிடம் எனக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்தேன். ஸ்டேஷன் எண்ணை அது கவனிக்க வேண்டும், அதற்கொரு வயர். டன்னைக் கூட்ட வேண்டும், அதற்கொன்று. ஸ்டேஷன் மாறினால் கூட்டியதை அச்சடிக்க வேண்டும், அதற்கொன்று. அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

ஓட்டினேன். முதல் ஸ்டேஷன் சரியாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் பெருத்திருந்தது. கடைசியில் வந்த குட்டி ஸ்டேஷன் பம்பாய்த் துறைமுகத்தைவிட அதிகச் சரக்கு ஏற்றியிருந்தது. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நின்றார். எனக்குப் பஜ்ஜி வாசனை மூக்கில் ஏறியது.

தாளையே வெறித்துப் பார்த்தேன். அச்சடித்த பிறகும் மிஷின் பழைய கூட்டலை வயிற்றிலேயே வைத்திருக்கிறது. அழித்துவிடு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சொல்லாததையும் ஊகித்துச் செய்ய அது என்ன அம்மாவா? இன்னொரு வயர் சொருகி மறுபடி ஓட்டினேன். அவர் கையிலிருந்த விடைத்தாளோடு ஒவ்வொரு வரியும் ஒத்துப்போனது.

"நோட்புக் கிதர் ஹை, டிக்ரி?" என்று நோட்டு எங்கே எனக் கேட்டார். எங்களையெல்லாம் மகளே என்றுதான் கூப்பிடுவார்.

"பூஜா மே ஹை, சாப்."

அது ரொம்ப நியாயமான இடம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நிரந்தரப் பட்டியலில் என் பெயரை எழுதினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், சந்தனம் குங்குமம் வைத்த நோட்டை அம்மா என் கையில் கொடுத்தாள். "பாத்தியா, அம்பாள்கிட்ட வெச்சதோட பலன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தவித்த தவிப்பு எனக்கல்லவா தெரியும்! அந்தக் கடைசி வயரைக் காட்டி அவளுக்குப் புரியவைக்கலாம் என்று நோட்டைப் பிரித்தேன். இரண்டு தரம் புரட்டினேன். அந்த வயரே அதில் இல்லை. அவசரத்தில் பார்த்து எழுதும்போது விட்டிருக்கிறேன். நோட்டு கையில் இருந்திருந்தால், எழுதியபடிதானே போட்டேன் என்று அங்கேயே சாதித்து நின்றிருப்பேன்.

அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. விட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"விஜயதசமியும் அதுவுமா ஏதாவது புதுசா எழுதணும். உக்காந்து எழுது," என்றாள்.

பேனாவை எடுத்து, விட்டுப்போன வயரைக் கடைசி வரியாக எழுதினேன். பக்கத்தில், அந்த நோட்டிலேயே முதல்முறையாக, அது எதற்கு என்றும் எழுதினேன்.