அகல உளி

என் மேசை மேல் ஓர் அகல உளி கிடக்கிறது. இரும்பில் துரு ஏறிவிட்டது. பிடி மட்டும் வழவழப்பாகவே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை என்னுடையது. நன்னடத்தை அலுவலர் ஒருநாள் ஒரு தச்சரை அழைத்து வந்தார். மோகனூர்க்காரர். வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டுப் பதினோரு வருடம் சிறையில் இருந்தவர். தச்சு வேலை அங்கே கற்றது. தாயில்லாத மகள் மச்சான் வீட்டில் வளர்ந்தாள். "ஆறு மாசம் ஒரே எடத்துல நின்னு காட்டுனா புள்ளைய அனுப்பறேன்னு மச்சான் சொல்லியிருக்காருங்க" என்றார். சரி என்றேன். வாய்தான் சரி என்றது.

அன்று முதல் என் கண் அவர் முதுகை விட்டு நகரவில்லை. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் தேடினேன். சாயங்காலமானால் உளி, இழைப்புளி, வாள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் காட்டுவார். பிறகு கேட்டருகே, சோதனை போடட்டும் என்பதுபோல, இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கி ஒரு கணம் நிற்பார். சிறைப் பழக்கம். எனக்கோ அது நடிப்பாகப் பட்டது.

ஐந்தாம் மாதம் அகல உளி காணாமல் போனது. எல்லோர் முன்னிலையிலும் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கொட்டச் சொன்னேன். தூக்குப்போசியும் ஒரு துண்டும்தான் விழுந்தன. "நான் எடுக்கலீங்க. நீங்க தேடறது தப்பில்லீங்க" என்று சொல்லிக் கைகளைத் தூக்கினார். பையில் இல்லாததால் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஏற்கெனவே வெளியே கடத்திவிட்டார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அலுவலரிடம், "வேண்டாமுங்க, கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். அந்தப் பெண் அப்பாவிடம் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன மாதம், அவர் இருந்தபோது நாங்கள் கட்டிய லாரி ஒன்று எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேலைக்குத் திரும்பி வந்தது. பக்கப் பலகையைக் கழற்றியபோது உள்ளிருந்து உளி விழுந்தது. இங்கேயா ஒளித்து வைத்தான் பாவி என்றுதான் முதலில் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பூசை போட்டு, கடைசிப் பலகையை முதலாளி தன் கையால் அடித்து மூடுவது எங்கள் பட்டறை வழக்கம். கழற்றியது அந்தப் பலகையைத்தான். அன்று விளிம்பைச் செதுக்க அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து உளியை எடுத்தது நான். தேங்காய் உடைக்கும் அவசரத்தில் அதை உள்ளேயே விட்டு ஆணி அடித்ததும் நான்.

இப்போது சாயங்காலம் கருவிகளை நானே அடுக்கிப் பார்க்கிறேன். மோகனூர் அரை மணி நேரம்தான். இரண்டு முறை வண்டியை எடுத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். அவர் வாசலில் இந்த உளியை நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி நிற்க வேண்டியவன் நான். உளி மேசை மேலேயே கிடக்கிறது.