மொச்சைக்குச் சோறு வேண்டாம்

மாடியில் செடி வைத்திருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரும்பாலையிலிருந்து வருகிற கழிவைச் சூடு ஆறாமல் செடிக்குப் போடாதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அப்படியே ஒரு மூலையில் குவித்து வையுங்கள். மூன்று நான்கு மாதம் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டு, தொட்டால் ஜில்லென்று ஆன பிறகு, செடி நட்ட சாக்குக்கு ஒரு கைப்பிடி போதும். இதைத் தெரிந்துகொள்ள நான் மூன்று மொச்சைக் கொடிகளைக் கொன்றேன். கொடி போனால் போகிறது, அன்றைக்கு என் வீட்டுக்காரரையே தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு மூட்டை தூக்குகிற வேலை. கள்ளக்குறிச்சியில் நெல்லும் மக்காச்சோளமும் லாரி லாரியாக வந்து இறங்குகிற இடத்துக்குக் காலையில் போவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன், வீட்டுக்கு வருவார் என்று சொல்லவில்லை. இருபது வருஷமாக ஐந்து மணி என்றால் கடை, எட்டு மணிக்கு யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் ஊரில் குடியைப் பற்றி யாருக்கும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் வயிறு வீங்கிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை குடித்தால் பிழைக்க வைக்க முடியாது என்று டாக்டரம்மா என்னை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்கள். அன்றைக்கு நிறுத்தினார்.

நிறுத்திவிட்டார், சரி. அந்த ஐந்து மணியிலிருந்து எட்டு மணியை என்ன செய்வது? உட்காருவார், எழுந்திருப்பார், டிவியைப் போடுவார், அணைப்பார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். எனக்கு வாய் சும்மா இருக்காது, "இன்னாத்துக்குய்யா இப்டி குறுக்கும் நெடுக்குமா நடந்துக்கினு கீற?" என்று கத்துவேன். கத்திவிட்டு உள்ளே போய், கோபத்தில் கடைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று வாசலையே எட்டிப் பார்ப்பேன். அவர் வேலையிலிருந்து வந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். பீடி வாசனை மட்டும் இருந்தால் அன்றைய பொழுது கழிந்தது. ஒரு நாள்கூட விடாமல் இதைச் செய்தேன்.

ஆடி மாதம் ஒரு சந்தை நாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா புளியும் கடுக்காயும் சாமை அரிசியும் கொண்டுவந்து விற்கும். வீட்டுக்காரர் அதனிடம் புளி வாங்கிக்கொண்டு, போகப் பிடிக்காமல் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன தோன்றியதோ, அந்தம்மா ஒரு பிடி மொச்சை விதையைத் தாளில் மடித்துக் கொடுத்து, "சும்மா போட்டு வையுங்கண்ணா" என்றதாம். காசு வாங்கவில்லை. அந்தப் பிடி விதைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

மறுநாளே அஞ்சு அரிசிச் சாக்கு, கொஞ்சம் செம்மண், கொஞ்சம் ஆற்று மணல், பழைய சாணம் என்று மாடிக்கு ஏற்றினார். சாக்கின் அடியில் நாலு ஓட்டை, கீழே உடைந்த ஓட்டுச் சில்லு. சவுக்குக் கழி நட்டுக் கயிறு இழுத்துப் பந்தல் கட்டினார். மூட்டை கட்டுகிற கை அல்லவா, ஒரு முடிச்சும் நெகிழவில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் ஐந்தரைக்கு மாடியில் இருந்தார். தண்ணீர் விடுவார், கொடியைப் பிடித்துக் கயிற்றில் சுற்றிவிடுவார், ஒன்றும் வேலை இல்லையென்றால் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருப்பார். இருட்டின பிறகு இறங்குவார். கடை நேரம் போய்விட்டிருக்கும்.

இப்படி இருந்த நேரத்தில்தான் நான் கெடுத்தேன்.

புரட்டாசி வந்துவிட்டது. கொடி பந்தல் முழுக்க ஓடி மாடியே இருட்டாகிவிட்டது. ஆனால் ஒரு பூ இல்லை. மொட்டுகூட இல்லை. வெறும் இலை. பார்க்கிறவர்களெல்லாம், "இன்னா, மாட்டுக்குத் தீவனமா வளக்குறீங்க?" என்று கேட்டார்கள். அவர் முகமும் வாடத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் மாடிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். இந்தச் செடி பூக்காவிட்டால் இந்த மனுஷன் வெறுத்துப்போய் அந்தப் பக்கம் நடந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு பயம் புகுந்தது. போனில் ஓடிய ஒரு வீடியோவில் ஒரு ஆள் பத்து நாளில் பூக்க வைக்கிறேன் என்று பேசினான். நல்ல எரு போடுங்கள், நிறையப் போடுங்கள் என்றான்.

என் தம்பி ஆலைக்குக் கரும்பு போடுகிறவன். திரும்பும்போது டிராக்டரில் வயலுக்கு ஆலைக் கழிவு ஏற்றி வருவான். எங்கள் பக்கம் கரும்புக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் வயலில் கொட்டுவார்கள். கொட்டி, பரப்பி, காயவிட்டு, உழுது, அப்புறம்தான் நடுவார்கள். கொட்டுவதற்கும் நடுவதற்கும் இடையில் இருக்கிறதையெல்லாம் யார் யோசித்தார்கள்? "ரெண்டு மூட்டை எனக்குப் போட்டுட்டுப் போடா" என்றேன். "யக்கா, சூடா கீது, கொஞ்ச நாளு..." என்று ஏதோ சொன்னான். "எனக்குத் தெரியும், நீ போ" என்றேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சாக்குக்கு இரண்டு முறம் என்று வேரை மூடிக் கொட்டித் தண்ணீரும் ஊற்றினேன். ஆவி பறந்தது. சத்து அதிகம் என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மழை வருகிற மாதிரி இருந்ததால் அவரும் மாடிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஏறிப் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரையாகத் தொங்குகிறது. அடித்தண்டு கறுத்திருந்தது. ஐயோ சாமி என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தரைக்கு அவர் வந்து நேராக மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா போட்ட?"

தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. "பூக்காத செடிய வேடிக்க பாத்துக்கினு உக்காரச் சொல்றியா?" என்று சீறினேன்.

அவர் தோளில் போட்டிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் தெருமுனைவரை ஓடினேன். கடை இருக்கிற பக்கம்தான் திரும்பினார். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்து அழுதேன். ஆறு மாசமாகக் காப்பாற்றி வைத்ததை இரண்டு முறம் கழிவில் கொளுத்திவிட்டேனே.

ஏழு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து சொம்பைத் தேடினேன். அவர் நேராக வந்து என் முகத்துக்கு எதிரே குனிந்து, புஸ்ஸென்று ஊதினார்.

"மோந்து பாத்துக்க. தெனமும் சொம்ப நீட்டிக்கினு கிட்ட வர்றியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

பீடி வாசனை. அது மட்டும்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்று சந்தை நாள். மலைக்கார அம்மா வெள்ளிமலை வண்டியில் ஏறுவதற்குள் பிடித்து வழி கேட்க வேண்டும் என்று ஓடியிருக்கிறார். "கடையத் தாண்டித்தான் போனேன்," என்றார். "கால் நின்னுச்சிமே. பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸு போய்டும்னு ஓடுனேன்." வண்டி நகர்ந்துவிட்டதாம். வண்டியைத் தட்டித் தட்டி, விஷயத்தைக் கத்திக்கொண்டே கூட ஓடியவரைப் பார்த்துக் கண்டக்டர் திட்ட, அந்தம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியதாம்: "போட்டத வாரிக் கொட்டிட்டு, கீழ ஓடுற வரைக்கும் தண்ணி ஊத்துங்கண்ணா. கொடிய பாதியா அறுத்து வுடுங்க. மொச்சைக்கு சோறு வேணாங்கண்ணா, பனிதான் வேணும். பனி எறங்காம அது எங்க பூக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். கார்த்திகைக்குப் பூக்கிற செடியைப் புரட்டாசியில் பூக்கச் சொல்லி நான் அவசரப்பட்டிருக்கிறேன். எரு கூடினால் அது இன்னும் இலையாகத்தான் போகுமாம். தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் சாக்குகளில் கிடந்த கழிவை வாரிக் கொட்டினோம். நான் குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தேன், அவர் ஊற்றினார். கையில் பட்ட கழிவு இன்னும் சூடாகத்தான் இருந்தது. "தப்பு பண்ணிட்டேன்யா" என்று அப்போதுதான் சொன்னேன். "ஆமா" என்றார்.

மூன்று கொடி போய்விட்டது. இரண்டு தப்பித்து, அறுத்த இடத்துக்குக் கீழே பச்சை விட்டது. ஐப்பசி மழையில் சாக்குகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம், தண்ணீர் தேங்கினால் மிச்சமும் அழுகிவிடும் என்று. வேறு ஒன்றும் போடவில்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலை அவர் மாடியிலிருந்து, "ஏமே, வந்து பாருமே!" என்று கத்தினார். பனியில் நனைந்து வெள்ளையாக ஒரு கொத்துப் பூ. நுனியில் அசுவினிப் பூச்சி அப்பியபோது ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவினோம். சில கொத்தில் பூச்சியை விரலாலேயே வழித்துவிட்டார்.

மார்கழிக் கடைசியில் முதல் காய் பறித்தார். மொச்சைக்கென்று ஒரு வாசனை உண்டே, அது கையோடு ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாது. இரண்டு பிடி மலைக்கார அம்மாவுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியை உரித்துக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். முற்றிய சில காயை விதைக்கென்று கொடியிலேயே விட்டோம். அந்த விதைதான் இந்த வருஷ ஆடிக்கும். கோடையில் சாக்கு மண் வேகாமல் இருக்கக் கரும்பின் காய்ந்த சோகை இலையைப் பரப்புகிறோம். ஆலையிலிருந்து இப்போது நாங்கள் அவசரமாகக் கொண்டுவருவது எதுவும் இல்லை.

அந்த முதல் குழம்பு நாளில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வேலையிலிருந்து வந்தார், மாடிக்குப் போனார், இறங்கினார், இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வீடு முழுக்க மொச்சை வாசனை. தட்டைக் கழுவி வைக்கும்போது மாடத்தில் சொம்பு இருப்பதைப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை. அன்றைக்கு நான் முகர்ந்து பார்க்க மறந்திருந்தேன்.