சுக விளக்கு

எங்கள் கேப்டனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னை விடப் பொருத்தமில்லாத ஆள் இந்தக் கப்பலில் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் பாதி அந்தம்மாவால் வந்ததுதான். நான் சமையல்காரன். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் கப்பல் என்றதும் பளபளப்பாக எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் ஏற்றிப் போவது குளியல் தொட்டிகள். பின்னால் கிடங்கு முழுக்க வெள்ளை வெளேரென்று தொட்டிகள். முன்னால் இரண்டு வரிசை அறைகள். நடுவில் உள்ள நடைக்குத் 'தெரு' என்று பெயர் வைத்திருக்கிறோம். துணி காயப்போடுவது அங்கேதான், சண்டை போடுவதும் அங்கேதான். தெருமுனையில் என் சமையலறை. அதையொட்டி, ஒரு ஆள் திரும்பினாலே முட்டிக்கொள்ளும் ரேடியோ அறை.

கேப்டன் முன்பு லாரி ஓட்டியவர். குதிகால் கிழிந்த காலுறையோடு சமையலறைக்கு வந்து, கேட்காமலே வெங்காயம் உரிக்க உட்காருவார். உரிக்கிற உரிப்பில் பாதி வெங்காயம் குப்பைக்குப் போகும்.

"கேப்டன், நீங்க கப்பலைப் பாருங்க. வெங்காயத்தை நான் பார்த்துக்கறேன்" என்பேன்.

"இதையாவது என் இஷ்டத்துக்குச் செய்ய விடுங்க மாஸ்டர்" என்பார்.

வீட்டில் கணவரும் ஒரு மகளும். மகள் பேச்சை எடுத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம்தான்.

அந்த வீட்டிலும், எங்கள் எல்லோர் வீட்டிலும், கம்பெனி கொடுத்த சின்னப் பச்சை விளக்கு ஒன்று இருக்கிறது. கப்பலிலிருந்து 'சுகம், சுகம்' என்று ஒரு சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். அது போகிற வரை விளக்கு எரியும். நின்றால் அணைந்துவிடும். என் வீட்டுக்காரி அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். வழியில் போகிற மற்ற கப்பல்களுக்கும் இந்தச் சிக்னல் கேட்கும்.

எஞ்சின் நின்ற அன்று, சட்டப்படி கேப்டன் இரண்டு காரியம் செய்திருக்க வேண்டும். ஒன்று, உதவி கேட்டுக் குரல் கொடுப்பது. இரண்டு, சுக சிக்னலை நிறுத்துவது. முதலாவதை உடனே செய்தார். இரண்டாவதற்குக் கையை நீட்டிய ரேடியோக்காரரைத் தடுத்துவிட்டார்.

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்னு மெக்கானிக் சொல்றார். அதுக்குள்ள எதுக்கு வீட்ல இருக்கறவங்களைக் கதற விடணும்? இருக்கட்டும்."

எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடாத ஆள் இல்லை.

மெக்கானிக்கின் இரண்டு நாள் இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் பக்கத்தில் கடந்துபோன ஒரு கப்பலிலிருந்து பதில் வந்தது. பக்கம் என்றால் எங்கள் கணக்கில் பக்கம். "உங்ககிட்டேருந்து உதவின்னும் வருது, சுகம்னும் வருது. கருவியில ஏதோ கோளாறு போல. பார்த்துக்குங்க. பத்திரமா போய்ச் சேருங்க" என்று ஒரு நல்ல மனிதரின் குரல். நாங்கள் திருப்பிக் கத்தியது அவர் காதுக்கு எட்டுவதற்குள் அந்தக் கப்பல் போய்விட்டது.

கேப்டன் எங்கள் எல்லோரையும் சமையலறையில் கூட்டினார். சுற்றி வளைக்கவில்லை.

"தப்பு என்னோடது. விளக்கை விட்டு வச்சது நான். அதனாலதான் அவங்க நிக்காம போயிட்டாங்க."

அவரே போய் சிக்னலை நிறுத்தினார். இன்னும் ஒரே ஒரு கப்பல்தான் பாக்கி, தொலைவில். அதை நோக்கிக் குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சூட்டை மிச்சம் பிடிக்க அறைகளை ஒவ்வொன்றாக மூடச் சொன்னார். முதலில் மூடியது அவருடைய அறை. தெரு இருட்டாகிவிட்டது. எல்லோரும் என் அடுப்பைச் சுற்றிப் படுத்தோம்.

அந்தக் கப்பலும் பதில் சொன்னது. திரும்பினால் அவர்களுடைய எரிபொருளும் போதாதாம். மன்னிப்புக் கேட்டார்கள். இந்த வழியில் வேறு யாரும் இல்லை.

அழுது முடித்த பிறகு ரேடியோக்காரர்தான் ஆரம்பித்தார். "கேப்டன், விளக்கையாவது மறுபடி போட்டுடலாம். இப்பவே போட்டா, கரண்ட் போயிட்டு வந்த மாதிரின்னு வீட்ல நினைச்சுப்பாங்க."

நானும் கெஞ்சினேன். வழியில் வரும் கப்பல்களோடு பேசலாம், ஆனால் எஞ்சின் இல்லாமல் வீடு வரை ஒரு வார்த்தையும் எட்டாது. வருவதைக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தச் சிக்னலுக்கு மட்டும் தனி பேட்டரி. எங்களால் வீட்டுக்குச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

"அந்த பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டார் கேப்டன்.

"அது தாங்கும், பல வருஷம்" என்றார் ரேடியோக்காரர்.

"நாம போனப்புறமும் அது சுகம் சுகம்னு சொல்லிட்டே இருக்கும். உங்க பையன் வளர்ந்து பெரியவனாகிற வரைக்கும் உங்க வீட்டம்மா வாசலையே பார்த்துட்டு இருக்கணுமா? அழட்டும். அழுது முடிச்சிட்டு எழுந்திருக்கட்டும்."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று நான்தான் கத்தினேன். "அன்னிக்கு எரிய விட்டு எங்களைக் கொன்னீங்க. இன்னிக்கு அணைச்சு வச்சு எங்க வீட்ல இருக்கறவங்களையும் கொல்றீங்க."

அதற்குப் பிறகு அவரோடு யாரும் பேசவில்லை. அவர் பங்கு டீயைக் கோப்பையில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அடுப்புக்குத் தள்ளி, சில்லிட்ட கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். ஏனோ தெரியவில்லை, இப்போது மெல்லிசாக உரிக்கிறார்.

நேற்று வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. விளக்கு அணைவதற்கு முன்பு எப்போதோ கிளம்பிய குரல். கேப்டனின் மகள்.

"அம்மா, விளக்கு எரியுது. அப்பா அதை என் ரூம்லயே வச்சிட்டார். ராத்திரி முழிப்பு வந்தா பார்ப்பேன், எரியும், திரும்பித் தூங்கிடுவேன். இப்பல்லாம் நான் அழறதே இல்லம்மா."

அவ்வளவுதான். ரேடியோக்காரர் அந்தக் குரலை மறுபடி போட்டார். மூன்றாவது முறை போடும்போது கேப்டன் எழுந்து ரேடியோ அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

சிக்னல் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. அழுத்துங்கள் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரி கட்டில் பக்கத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"மாஸ்டர்" என்றார், திரும்பாமலே. "உங்க கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்து இந்த ஒயரை வெட்டிடுங்க. என் கை சும்மா இருக்காது."

சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். ஒயர் தடிமனாக இருந்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டு முறையும் அவர் தன் கையை என் கை மேல் வைத்திருந்தார்.