இன்கா அரசர் மகேசன்

மகேசன் அங்கிளுக்கு நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் உள்ள ஒரு பார்னஹாகனில், அதாவது மழலையர் பள்ளியில், வேலை. அங்கே மூன்று வயதுக் குழந்தைகள் அவரைத் தினமும் மரக்கரண்டியால் குத்திக் கொல்வார்கள். அவரும் நெஞ்சைப் பிடித்து, காலை இழுத்து, நாக்கைத் தள்ளி மிக அழகாகச் சாவார். பிறகு எழும்பி எல்லாருக்கும் மூக்குத் துடைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் என் நாடகத்தில் மட்டும் சாக மாட்டேன் என்று நின்றார்.

காரணம் இருந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா நாடகங்களில் இருபது வருடமாக அவர் வாயிற்காவலன். அகன்ற தோளையும் மீசையையும் பார்த்தவுடனே ஈட்டியைக் கொடுத்து வாசலில் நிறுத்திவிடுவார்கள். "மன்னா, தங்களைக் காண ஒரு புலவர் வந்திருக்கிறார்" என்பதோடு வசனம் சரி. அரசர் எப்போதும் பிலேந்திரன் அண்ணைதான். வரிக்கணக்குப் பார்க்கும் ஒல்லியான மனிதர். அரசமுடி அவருக்குக் காதுவரை இறங்கும். என்றாலும் சங்கத் தலைவர் அல்லவா?

நான் தென்னமெரிக்காவில் சுற்றிவிட்டுத் திரும்பிய வருடம், "ஊர் சுற்றினது காணும், ஒரு நாடகம் எழுதித் தாரும்" என்றார் தலைவர். பெருவில் கேட்ட கதையை எழுதினேன். ஸ்பானியத் தளபதி பிஸாரோ இருநூறு பேர்கூட இல்லாத படையோடு மலையேறி வருகிறான். நட்பாகப் பேசலாம் வா என்று இன்கா அரசன் அத்தவால்பாவை அழைத்துச் சிறைபிடிக்கிறான். என்னை விட்டால் ஓர் அறை நிறையத் தங்கம் தருகிறேன் என்கிறான் அரசன். தங்கம் வந்து சேர்கிறது. பிஸாரோ தங்கத்தையும் எடுத்துக்கொண்டு அரசனையும் கொல்கிறான். ஒரு பேரரசு அதோடு சரியத் தொடங்கியது. அந்த மலைகளில் இன்றைக்கும் நான் வழி கேட்டது ஸ்பானிய மொழியில்தான்.

கதையில் வெல்பவன் பிஸாரோ என்றதும் பிலேந்திரன் அண்ணை அதை எடுத்துக்கொண்டார். முடி மகேசன் அங்கிளுக்கு வந்தது. அன்று மாலையே அவருடைய மனைவி சிவமலர் அன்ரி தன் வேலையிடத்துக்கும், அவருடைய வேலையிடத்துக்கும், ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அறிவித்துவிட்டார்: "இந்தமுறை இவர்தான் ராசா!"

மறுநாள் மகேசன் அங்கிள் எனக்குப் போன் எடுத்தார். நாடகத்தை வாசித்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

"பிள்ளை, ராசா எண்டு சொன்னனீர். இஞ்சை ரெண்டாம் காட்சியிலையே கட்டிப்போடுறாங்கள்."

"ஓம் அங்கிள். வரலாறு அப்பிடி."

"ஆயிரக்கணக்கில ஆக்கள் வைச்சிருந்த மனிசன், மூண்டு பஸ் ஆக்களிட்டயோ பிடிபட்டவர்? வாசல்ல ஆர் நிண்டது?"

"தெரியாது அங்கிள்."

"நான் நிண்டிருந்தா ஒருத்தன் உள்ளுக்கை வந்திருக்கேலாது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ராசாவாகி நான் சாகமாட்டன்."

ஒத்திகையில் இன்னொரு சிக்கல். ஸ்பானியப் பாதிரியார் வேதப் புத்தகத்தைக் கொடுக்க, அரசன் அதைத் தூக்கி எறிவான். அதைச் சாட்டாக வைத்தே படை பாயும். பாதிரியாராக நடித்த அஜந்தா புத்தகத்தை நீட்டினாள். மகேசன் அங்கிள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கிள், எறியுங்கோ!" என்றேன்.

"புத்தகத்தையோ? சரஸ்வதி, பிள்ளை! கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற ஆக்கள் நாங்கள்."

"நீங்கள் எறிஞ்சாத்தான் அவை பாயலாம்."

"அப்ப நல்லதாப் போச்சு. பாயாமல் இருக்கட்டும். எல்லாரும் தேத்தண்ணி குடிப்பம்."

"மகேசன், நான் வாளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றார் பிலேந்திரன் அண்ணை. "எறியும் ஐசே!"

கடைசியில் வெறும் பால்பெட்டிக்குக் கறுப்புக் காகிதம் சுற்றிக் கொடுத்தோம். உள்ளே எழுத்து ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே எறிந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சரி பிள்ளை, நீர் எழுதினபடியே சாகிறன். வாக்கு. ஆனா என்னை இழுத்துக்கொண்டு போகப்படாது. என்னோட வேலை செய்யிறவையெல்லாம் வருகினம். ராசா மாதிரி நடந்துதான் போவன்."

முடியோடு நடந்தே போகலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

இன்காக்களின் தங்கத்துக்கு, எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஸ்டோவ்னரில் வீடு வீடாகப் போய்ப் பித்தளை இரவல் கேட்டேன். குத்துவிளக்கு, தாம்பாளம், பன்னீர்ச்செம்பு, நிறைகுடச் செம்பு என்று வந்து குவிந்தன.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பார்னஹாகன் ஊழியர்கள். கை கட்டப்பட்ட அரசர், கட்டிய கைகளையே தலைக்கு மேல் தூக்கி, "இந்த உயரத்துக்குப் பொன் தருகிறேன்!" என்று முழங்கினார். வீரர்கள் பித்தளையைச் சுமந்து வந்தார்கள். சபை குதூகலமானது.

"அது எங்கட தாம்பாளம்!"

"நெளிஞ்சு கிடக்கிறது எங்கட செம்பு, பாருங்கோ!"

மேடை மின்னியது. பிஸாரோ வாளை உருவினார். "எல்லாவற்றையும் உருக்குங்கள்! கட்டிகளாக்கிக் கப்பலில் ஏற்றுங்கள்! அரசனைக் கொல்லுங்கள்!"

மூன்றாவது வரிசையில் சிறிதேவி அன்ரி எழும்பினார். பிலேந்திரன் அண்ணையின் மனைவி.

"ஆரின்ர விளக்கை ஆர் உருக்கிறது? அது என்ர கலியாண விளக்கு!"

சிரிப்பு எழுந்தது. அவர் இருக்கவில்லை. "கேட்டதைக் குடுத்தாச்சல்லோ? இனி ஆளை விடுங்கோ!"

"ஓம், விடு! விடு!" என்று பின்வரிசைகளும் எழும்பின. நோர்வேக்காரர்கள் ஒன்றும் விளங்காமலே கைதட்டினார்கள்.

அரசர் பிஸாரோவின் காதருகே குனிந்தார். சட்டையில் ஒலிவாங்கி இருந்ததை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"அண்ணை, கெதியாக் கொல்லுங்கோ. பிள்ளைக்கு வாக்குக் குடுத்தனான்."

"கீழ என்ர மனிசி நிக்கிறா. நான் வீட்டை போகவேணும். நீர் தானாச் சாகும்!"

"தானாச் சாக நான் என்ன நோய் வந்த வருத்தக்காரனோ?"

பிஸாரோ மனைவியைப் பார்த்தார். வாளை உறையில் போட்டார். "அரசே, போய்வாருங்கள்" என்று கும்பிட்டார்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சிறிதேவி அன்ரி அதற்குள் மேடையேறி விளக்கைக் கையில் எடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். ஸ்பானிய வீரர்கள் பித்தளையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, உரியவர்களின் கார்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வெறிச்சோடிய மேடையில் இன்கா அரசர் மட்டும் நின்றார்.

"பிள்ளை, நான் சாகேல்லை. என்னிலை பிழையில்லை" என்றார் என்னைப் பார்த்து. "இந்தக் கையை ஆராவது அவிழ்த்துவிடுங்கோவன்."

அதற்குள் சிவமலர் அன்ரி பார்னஹாகன் ஊழியர்களை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பொறுங்கோ, முதல்ல படம் எடுப்பம்." தங்கள் தாம்பாளத்தை அவருடைய விரல்களுக்குள் செருகி, கயிறு தெரியாதபடி சரிசெய்தார். "இப்ப சிரியுங்கோ. தலையை ஆட்டாதேங்கோ, முடி விழுந்திடும்."