இருநூற்றுப் பத்தாவது தப்படி

ஆராயிக்குக் கோபம் வந்தால் அடி அண்ணாமலை ஊரே அடங்கிப் போகும். போன சித்திரையில் அவளுடைய கறவை மாடு வயிறு ஊதிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்துக் காட்டினார். கூடை கூடையாகப் பிளாஸ்டிக் கவர்! கிரிவலம் வந்த புண்ணியவான்கள் அன்னதானச் சோற்றைத் தின்றுவிட்டு எறிந்தவை. அதில் ஒன்றை ஆராயி கழுவிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மிச்சம் இருப்பது ஒரே மாடு, அதுவும் எட்டு மாதச் சினை. அதையும் வாரிக் கொடுத்துவிட்டு அவள் எதை வைத்துப் பிழைப்பாள்?

வேங்கிக்கால் மண்டபம் ஒன்றில் கிரிவலப் பாதைக் குப்பைக்குப் புது யோசனை கேட்டுக் கூட்டம் போட்டார்கள். ஆராயியும் போனாள். ஒருவர் செல்போன் ஆப் என்றார். இன்னொருவர் பாட்டுப் பாடும் குப்பைத்தொட்டி என்றார். கைதட்டல் தூள் பறந்தது. ஆராயி எழுந்தாள்.

"நம்ம ஜனம் எங்கங்க நின்னு துன்னுது? நடந்துக்கினே துன்னுது. நீங்க தொட்டிய சோறு போடுற பந்தலாண்ட வக்கிறீங்க. கவரு காலியாவுற எடம் வேற. நானே புளிசோறு வாங்கி நடந்து எண்ணிப் பாத்தேன். இருநூத்திப் பத்து தப்படி. தொட்டிய அங்க நவுத்துங்க, போதும்."

சிரித்தார்கள். "ஜூஸ் குடிங்கம்மா" என்று பிளாஸ்டிக் கப்பை நீட்டினார்கள். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. நாசமாய்ப் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த பௌர்ணமி மத்தியானம், கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலைக்காரர் ராஜமாணிக்கத்தின் பந்தலில் கூட்டம் நெருக்கியது. வாசலில் இருந்த இரண்டு தொட்டிகளையும் ஆராயி தரதரவென்று இழுத்துப் போய், எண்ணி இருநூற்றுப் பத்தாவது தப்படியில், புளியமரத்தடியில் நிறுத்தினாள். ஒரு மணி நேரத்தில் இரண்டும் வழிந்தன. தரையில் ஒரு கவர் இல்லை.

ராஜமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, யாரக் கேட்டு நவுத்துன? என் பேரு எழுதின தொட்டி! பந்தலாண்ட இருந்தாதான நாலு பேருக்குத் தெரியும்?"

ஆராயி மடியிலிருந்த கவரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். 'ராஜமாணிக்கம் குடும்பத்தார் உபயம்.'

"செத்துப்போன என் மாட்டு வயித்துல இருந்துச்சுங்க இது. உள்ளாறயே கெடந்தும் ஒரு எழுத்து அழியல பாருங்க. உங்க பேரு இன்னும் எந்த அளவுக்குங்க தெரியணும்?"

வரிசையில் நின்றவர்கள் தங்கள் கையிலிருந்த கவரைத் திருப்பிப் பார்த்தார்கள். அதே பெயர்.

மறு பௌர்ணமிக்கு ராஜமாணிக்கத்தின் பந்தலில் சோறு மந்தாரை இலையில் வந்தது. தொட்டிகள் புளியமரத்தடியிலேயே நின்றன. ஆராயியைப் பாராட்டினார்கள். பாராட்டினால் செத்த மாடு எழுந்து வந்துவிடுமா? பதினான்கு கிலோமீட்டர் பாதையில் திருந்தியது ஒரே ஒரு பந்தல். அவள் முறைத்துக்கொண்டே பக்கத்துப் பந்தலில் ஒரு கவர் சோறு வாங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி நடக்க ஆரம்பித்தாள்.