மூன்று தடவை என்று எழுதியிருந்தேன்

தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெரிய கிராணி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"செக்ரோல்ல தப்பு வரத்தான் செய்யும். வந்தா அழிக்காத. ஒரு கோடு அடி, மேல சரியா எழுது, பக்கத்துல சின்னக் கையெழுத்து போடு. தப்பு யாருதுன்னு தெரியணும் லா."

தோட்டத்தில் இன்று யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று குறிக்கும் பேரேடுதான் செக்ரோல். மலேசியாவில் ரெம்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் அதை எழுதினேன். இப்போது ரெம்பாவில் தாமான் எனும் குடியிருப்பு ஒன்றில் வீடு, பென்சன், நேரம் தவறாத மாத்திரைகள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலில் கட்டு. நான்கு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் மகள், ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் நூலகத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள்.

"எரவல் புக்குப்பா. ஒரு மாசத்துல குடுக்கணும். கிறுக்காதீங்க."

கிறுக்கினேன். கையில் பென்சில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. முதல் புத்தகத்தில் அடைமழை கொட்டும்போது பால் எடுக்க மரம் வெட்டுகிறார்கள். ஈர மரத்தை வெட்டினால் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். வேலையை மேற்பார்க்கிற எந்த மண்டோர் விடுவான்? ஓரத்தில் எழுதினேன். இரண்டாவதில், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு சாயங்காலம் நடக்கிறது. அதையும் எழுதினேன். எழுதியவர்கள் தோட்டத்தைக் காரில் போகும்போது பார்த்திருப்பார்கள் போல என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேன்.

உண்மையில் என் கோபம் மழைமேல் இல்லை. ஐந்து புத்தகம் படித்தேன், ஐந்திலும் கிராணிதான் அயோக்கியன். ஒருவன் குடிகாரன், ஒருவன் பெண்பித்தன், ஒருவன் தோட்டத்து மேனேஜர் துரைக்குக் கோள் சொல்கிறவன், மீதி இரண்டு பேரும் கோழி வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள்.

"நான் யாருகிட்டயாவது கோழி வாங்கியிருக்கேனா, சொல்லு" என்றேன் மனைவியிடம்.

"தீபாவளிக்கு வரும்ல."

"அது அவங்களா குடுத்தது."

"புக்குலயும் அவங்களாத்தான குடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஆறாவது புத்தகத்தில் வந்த கிராணி நல்லவன். குடிக்கமாட்டான், லஞ்சம் வாங்கமாட்டான், அவன் பேரேட்டில் ஒரு பிழை இருக்காது. ஒரு பெண் கடிதம் கேட்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறாள். தலை நிமிராமல் "நாளைக்கு வா" என்கிறான். மறுநாளும் அதுவே. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. கதை அவளோடு போய்விடுகிறது, கிராணியைப் பற்றி அப்புறம் ஒரு வரிகூடக் கிடையாது. பென்சிலைப் பிடித்தபடி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

வேலை செய்த காலமெல்லாம் நான் படித்தது பெயர்களை மட்டும்தான். பெயருக்கு எதிரே ஆள் வந்தாரா, இல்லையா, அவ்வளவே. அந்தப் பெயர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப்போய் என்ன செய்தது, யாரிடம் என்ன சொல்லி அழுதது என்பதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வராது. நாவல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அறுபது வயதுக்குமேல் இதைக் கண்டுபிடித்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

எங்கள் ஆபீஸின் தரை உயரம். வெளியே நிற்பவரின் தலை என் மேசை மட்டத்துக்குத்தான் வரும். அங்கே நின்றவர்களில் அஞ்சலை என்று ஒரு பால்மரம் வெட்டும் பெண். அவள் மகன் லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவன். பிறப்பை யாரும் பதியவில்லை, பெறப்பு சூரா என்கிற பிறப்புப் பத்திரமும் இல்லை. தாமதமாகப் பதிய, பிள்ளை இந்தத் தோட்டத்தில் பிறந்தது என்று ஆபீஸ் கடிதம் வேண்டும், மருத்துவச்சியின் சாட்சியும் வேண்டும். அந்தக் கடிதத்துக்காக வந்தாள். துரை வருகிறார், ஆடிட்டர் வருகிறார் என்று நான் மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். கடைசியில் கொடுத்துவிட்டேன். கொடுத்ததால் மறந்தும் போனேன்.

ஆறாவது புத்தகத்தின் அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'நானும். மூன்று தடவை.'

கட்டுப் பிரித்த மறுநாள் அஞ்சலையின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். நாலு தெரு தள்ளித்தான். இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன். கேட் ஓரத்திலேயே நின்று கூப்பிட்டேன்.

"ஐயாவா? ஏன் வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று அஞ்சலையே வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் ஜன்னலுக்கு முன்னால் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாற்காலி இருந்ததில்லை. உட்கார முடியாமல் உட்கார்ந்தேன்.

"அஞ்சலையம்மா, மகனுக்குப் பெறப்பு சூரா எடுக்க லெட்டர் கேட்டு வந்தீங்க. நான் மூணு தடவ திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன். 'நீங்க' என்று அவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"மூணு இல்லய்யா. அஞ்சு."

"அஞ்சா?"

"ரெண்டு தடவ நீங்க நிமுந்தே பாக்கல. அதான் உங்களுக்கு நெனப்பில்ல."

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"லெட்டர் கையில வந்தப்ப மருத்துவச்சிக் கெழவி மகன்கூட வடக்க கெடா மாநிலத்துக்குப் போயிருச்சு. தேடிப் புடிச்சு சூரா எடுக்க ரெண்டு வருசம். ஏழு வயசுல போக வேண்டிய பய ஒம்பதுல ஸ்கூலுக்குப் போனான். சின்னப் புள்ளைங்க நடுவுல ஒசரமா ஒக்காந்திருக்க வெக்கம். ஆறாவதோட நின்னுட்டான். இப்ப செனவாங்ல லோரி ஓட்டுறான்."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

இன்று கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சில நாள் 'நாளைக்கு வா' என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் அதை இரண்டாவது தடவை சொல்வது கஷ்டம்.

வீட்டுக்கு வந்து, மகள் பெட்டியை எடுத்துப் போவதற்குள் புத்தகங்களில் கிறுக்கியதையெல்லாம் ரப்பரால் அழித்தேன். மழை, பெரட்டு, கிராணியைத் திட்டியவர்களை நான் திட்டியது, எல்லாம் போயிற்று. ஆறாவது புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை. பேனாவை எடுத்து, 'மூன்று' மேல் ஒரு கோடு அடித்தேன். மேலே 'ஐந்து' என்று எழுதினேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன்.