பட்டன் இல்லாத வேப்

என் வீட்டுக்காரர் அப்போது டாங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனியில் தின்னர் ஏற்றிக்கொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை போய் வருவதுதான் வேலை. தின்னர் என்றால் பெயிண்ட் கரைக்கிற திரவம். பெட்ரோலுக்குப் பங்காளி. ஒரு பொறி பறந்தால் போதும். அந்தச் சரக்கோடு நாள் முழுக்கக் குடும்பம் நடத்துகிற மனிதருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிகரெட். இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

இருமல் அதிகமாகிப் படுக்க முடியாமல் போனபோது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். "அப்ப வேப் புடிக்கலாமா சார்?" என்று இவர் கேட்டார். வேப் என்றால் பேட்டரியில் ஓடுகிற சிகரெட். அதுவும் விஷம்தான், நுரையீரலுக்குள் காற்றைத் தவிர எதுவும் போக வேண்டாம் என்றார் டாக்டர். இவர் காதில் பாதிதான் விழுந்தது. வேண்டாத பாதி எப்போதும் இவர் காதுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

கூட ஓட்டுகிற டிரைவர் ஒருவர் வேப்புக்கு மாறிய பிறகு இருமலே இல்லை என்று சொல்லியிருந்தார். நம் நாட்டில் அதை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் கிடைக்கிறது. என் வார லீவில் இரண்டு பேரும் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, சென்னையில் அந்த டிரைவர் சொன்ன மொபைல் கடைக்குப் போனோம். நான் எதற்குப் போனேன் என்றால், இவரைத் தனியாக அனுப்பினால் எதையாவது தலையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். அதோடு நான் கார்களுக்குள் போகிற ஒயர் கட்டுகளைச் சேர்க்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். பேட்டரி, சுவிட்ச் எல்லாம் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

கடைக்காரர் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரர். மரியாதையான மனிதர். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போன் கவர்களுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"இது தீந்தா தூக்கிப் போட்டுடறது. இது குப்பியோட வர்றது, குப்பி தீந்தா புதுக் குப்பி வாங்கணும், சமயத்துல கெடைக்காது. இது நீங்களே ஊத்திக்கறது. தெனம் புடிக்கறவங்களுக்கு இதாண்ணே சரி" என்றார்.

மூன்றாவதைப் பார்த்தோம். தீப்பெட்டியை விடச் சின்னது. ஒரு பக்கம் பேட்டரி. மறுபக்கம் திரவம் ஊற்றுகிற குப்பி. குப்பிக்குள் ஒரு சின்னச் சுருள் கம்பி. கம்பி சூடாகித் திரவத்தை ஆவியாக்கும். இவர் அதை எடுத்துக் காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் பேனா வைக்கிற இடத்தில் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கே மனிதர் பூரித்துப்போனார்.

"இத்த எப்டி ஆன் பண்றது?" என்று நான் கேட்டேன்.

"பட்டனே இல்லக்கா. உறிஞ்சினா தானா ஆன் ஆவும்."

"உறிஞ்சாம ஆன் ஆச்சுன்னா?"

கடைக்காரர் சிரித்தார். "அப்டிலாம் ஆவாதுக்கா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. அணைக்க வழியில்லாத எதையும் நான் நம்ப மாட்டேன், எங்கள் லைனில் கற்ற பாடம் அது. பட்டன் வைத்தது இல்லையா என்று விடாமல் கேட்டேன். இருந்தது. பட்டனை மடமடவென்று அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி அமுக்கும் வரை என்ன செய்தாலும் வேலை செய்யாது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் கடையில் மிச்சமிருந்தது ஒரே நிறம். குழந்தைகள் ரிப்பன் மாதிரி ரோஸ் நிறம்.

"இந்தக் கலர எடுத்துக்கினு லாரி யார்டுக்குப் போனா என்னிய இன்னான்னு கூப்டுவானுங்க தெரியுமா மே?" என்றார் இவர்.

அந்தக் கற்பனையில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். பட்டன் இல்லாத கறுப்பு வேப்பையே வாங்கினோம். பில் இல்லாத வியாபாரம், கெட்டுப்போனால் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதால் அதே மாதிரியில் இரண்டு. ஒன்று பாக்கெட்டுக்கு, ஒன்று வீட்டுக்கு. திரவம் புதினா மணம். கிளம்பும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார்.

"ரொப்பி ஊத்தாதீங்கண்ணே. மேல கொஞ்சம் எடம் வுடுங்க. வெயில் நாள், கசியும்."

இதை என் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையே இல்லை. டாங்கரை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, வெயிலில் சரக்கு விரியும், மேலே இடம் இல்லாவிட்டால் வழிந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். லோடு ஏற்றுகிற இடத்தில் அந்த அளவுக்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறார். அதே மனிதர் வேப்புக் குப்பியை மட்டும் தினமும் விளிம்பு தட்ட ஊற்றுவார். பாதி வழியில் தீர்ந்துவிடக் கூடாதாம்.

இருமல் குறைந்ததா என்றால், குறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் புகை நாற்றம் இல்லை. நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. தின்னர் கம்பெனி கேட்டில் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தீப்பெட்டி, லைட்டர், போன் மூன்றையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போனை அணைத்துத்தான் வைக்க வேண்டும்.

"வேப்ப கேட்ல குடுக்கறியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தீப்பெட்டி இருக்கா, லைட்டர் இருக்கான்னு கேப்பாங்க. இல்லன்னுவேன். பொய்யா சொல்றேன்? இதுல நெருப்பே இல்லியே."

"கம்பி சூடாவுதே மாமா."

"உள்ள நான் புடிக்கறதில்லமே. பாக்கெட்ல சும்மா கெடக்குது. நான் வாய் வெக்காம அது எப்டி எரியும்?"

இத்தனை வருடமாகத் தீக்குச்சியையும் லைட்டரையும் மட்டுமே நெருப்பு என்று நினைத்துப் பழகிய மனசு அது. பற்றவைத்தால்தான் நெருப்பு. அந்தக் கேட்டில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். எனக்கும் மேலே வாதாடத் தோன்றவில்லை.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்த சமயம். எனக்கு இரண்டாவது ஷிப்ட். இவர் நாஷ்டா முடித்துவிட்டு, லோடு ஏற்றப் போகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தார். முந்தைய சாயங்காலம்தான் இரண்டு வேப்பிலும் விளிம்பு வரை ஊற்றிவைத்திருந்தார். நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குள் புதினா வாசனை வந்தது. நான் குழம்பில் புதினா போடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்த வேப்பிலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் சின்ன விளக்கு எரிந்தது. யாரும் தொடவில்லை, யாரும் உறிஞ்சவில்லை. விளக்கு அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி எரிந்தது. கையில் எடுத்தால் இட்லித் தட்டு மாதிரி சுட்டது. அடியில் பிசுபிசுவென்று திரவம் வழிந்திருந்தது. உறிஞ்சுவதைக் கண்டுபிடிக்கிற ஓட்டைக்குள் அது இறங்கியிருக்க வேண்டும். பிடித்துணியில் சுற்றி வெளியே சிமெண்டுத் தரையில் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. இதே மாதிரி, இதே நாளில் இதே அளவு ஊற்றியது, இன்னொன்று அவர் பாக்கெட்டில் இருக்கிறது.

போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அப்படியென்றால் போன் கேட்டில் இருக்கிறது, இவர் உள்ளே இருக்கிறார். டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போடலாம். போட்டால் முதலாளி காதுக்குப் போகும், நாளைக்கு வண்டிச் சாவி வேறொருவர் கையில் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்தது. தின்னர் கம்பெனி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கேட் திறந்ததும் லாரிகளுக்கு நடுவில் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். வேப் என்று சொன்னால் இவருடைய கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு கேட்டில் பிடுங்கினால் விஷயம் எல்லா டாங்கர் கேட்டுக்கும் போய்விடும், பிறகு எந்த டிரான்ஸ்போர்ட்டிலும் சேர்க்க மாட்டார்கள். பொய் சொல்லி வெளியே கூப்பிட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

"எங்க மாமியாருக்கு நெஞ்சு வலி. டாங்கர் ஓட்டற எங்க ஊட்டுக்காரர கொஞ்சம் வரச் சொல்லுங்கண்ணே" என்றேன் செக்யூரிட்டியிடம்.

அவர் வண்டி நம்பரைக் கேட்டு உள்ளே போன் பேசினார். முகத்தில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"ஓஸ் பைப் மாட்டி லோடு ஏறிக்கினு இருக்குதும்மா. மாட்டிட்டா முடியற வரைக்கும் டிரைவர் வண்டிய வுட்டு நகரக் கூடாது. அர மணி நேரம் ஆவும். அப்டி நெழல்ல ஒக்காரு."

லோடு ஏறுகிறது என்றால் டாங்கரின் மேல் மூடி திறந்திருக்கிறது. தின்னர் ஆவி அந்த இடமெல்லாம் நிற்கும். அதன் பக்கத்தில் இவர், பாக்கெட்டில் அது. நிழலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். செக்யூரிட்டியைப் பார்த்தேன். இவர் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அண்ணே, மாமியாருக்கு ஒண்ணுமில்ல. அவர் பாக்கெட்ல வேப் இருக்குது. பேட்டரில ஓடற சிகரெட். ஊட்ல இருக்கறது தானா எரிஞ்சிது. நிறுத்தச் சொல்லுங்க."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் மறுபேச்சே பேசவில்லை. சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் குத்திவிட்டு, சேஃப்டி ஆபீசருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். சைரன் அலறியது. உள்ளே ஆட்கள் ஓடிவந்து கேட்டுக்குப் பக்கத்தில் கூடினார்கள். ஹெல்மெட் போட்ட பெண்கள் இரண்டு பேர், கான்டிராக்ட் ஆட்கள், ஓஸ் பிடிக்கிறவர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் இல்லை.

கடைசியாக வந்தார், சேஃப்டி ஆபீசரோடு, கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி. வெளியே வந்ததும் ஆபீசர் அவர் பாக்கெட்டிலிருந்து வேப்பை எடுத்து மணல் வாளியில் போட்டார். எல்லோரும் வாளியைப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. ஆவி வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

"அது காலைலயே செத்துப்போச்சு சார்" என்றார் இவர். குரல் உடைந்திருந்தது. "ஆன் ஆவல. கடைல காட்டலாம்னு பாக்கெட்ல வெச்சிருந்தேன்."

"செத்ததோ உயிரோட இருக்கோ, இதுக்குள்ள பேட்டரி. இத எடுத்துக்கினு என் லோடிங்ல நின்னிருக்க" என்றார் ஆபீசர். பாஸை வாங்கிக்கொண்டார். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். அதற்குள் முதலாளி போனில் திட்டி முடித்து, இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தோம். இவர் நேராக எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார், என் முகத்துக்கு நேராக. இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு எதனா சொல்லிக் கூப்ட்டிருக்கலாம்ல?"

"கூப்ட்டேன். வுடல."

"அர மணி நேரம். அர மணி நேரம் பொறுத்திருந்தா லோடு முடிஞ்சிருக்கும். நானே வந்திருப்பேன். இப்ப பாரு, செத்துப்போன சாமானுக்காக என் பொழப்பே போச்சு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கேட்டில் வராத அழுகை அப்போது வந்தது.

"அது செத்துச்சுன்னு எனக்கு எப்டி மாமா தெரியும்? அந்த அர மணி நேரம் நான் எங்க ஒக்காந்திருப்பேன்? அந்தச் சேர்ல ஒக்காந்துக்கினு, நீ எப்ப எரிவன்னு பாத்துக்கினு இருக்கச் சொல்றியா?"

சைரன் நின்று, கேட்டுக்குள் கூடியிருந்தவர்கள் திரும்ப வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் போட்ட பெண் ஒருத்தி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். இவர் அவர்கள் எல்லோரும் உள்ளே போய் முடியும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். சிகரெட் கையிலேயே எரிந்து விரலைச் சுட்டது. கீழே போட்டு மிதித்தார்.

"வண்டிய எடு" என்றார்.

கல்யாணமானதிலிருந்து நான் ஓட்டி இவர் பின்னால் உட்கார்ந்ததில்லை, கௌரவம் விடாது. அன்றைக்கு உட்கார்ந்தார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியும் அந்தக் கையை எடுக்கவில்லை.